இரவில் விழித்திருக்கும் கண்கள்

சித்தூரிலிருந்து பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேர அளவில் வேலூரை அடையலாம். திருப்பதி, சித்தூர்ப் பகுதி மக்கள் பலர் மருத்துவத்திற்காக நாடிச் செல்லும் கிறித்தவ மருத்துவக் கல்லூரி அங்கு உள்ளது. அதனை நிறுவியவர் மருத்துவர் ஐடா ஸ்கடர் அம்மையார்.

இவர் 1870ஆம் ஆண்டு இராணிப்பேட்டையில் பிறந்தார். தந்தையார் அமெரிக்க மருத்துவர். எனினும், இளமையில் ஐடா மருத்துவராக விரும்பவில்லை. நோயுற்ற தாயைப் பேணத் திண்டிவனம் வந்திருந்தபோது, ஓரிரவில் மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்தனர். பிள்ளைப்பேற்றில் துன்புறும் தம் மனைவியரைக் காக்குமாறு அவரை வேண்டினர். தமக்கு மருத்துவம் தெரியாது என்றும், தந்தையாரை அழைத்துச் செல்லலாம் என்றும் ஐடா கூறினார். ஆண் மருத்துவர் பெண்களைப் பார்ப்பதை வழக்கம் ஏற்காமையால் மூவரும் மறுத்துத் திரும்பினர். பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அவ்விரவு ஐடாவின் வாழ்வை மாற்றியது.

1899இல் அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1900இல் வேலூரில் ஒரே படுக்கையுடன் பணியைத் தொடங்கினார். 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது.

ஆனால், ஒரே மருத்துவர் நாற்பது நோயாளர் அருகிலும் இரவு முழுவதும் நிற்க இயலுமோ? பிள்ளை பெற்ற தாய்க்குக் குருதிப்போக்கு மிகுந்தால் நாடி விரையும், முகம் வெளிறும், உடல் குளிரும். இக்குறிகளை முதலில் காண்பவர் அருகிலிருக்கும் செவிலியரே. கண்டும் பொருள் அறியாவிடில் உயிர் பிரியும். ஆகவே, 1909இல் டெலியா ஹவுட்டன் என்னும் செவிலியரின் துணையுடன் ஐடா செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தோன்றியது. 1946இல் செவிலியர் பள்ளி, பட்டம் வழங்கும் கல்லூரியாக உயர்ந்தது.

நாடி, மூச்சு, உடல்வெப்பம் ஆகியவற்றை உரிய நேரத்தில் அளந்து எழுதுதல், முன்னைய அளவோடு ஒப்பிடுதல், மாற்றம் கண்டால் தயங்காது மருத்துவரை அழைத்தல் ஆகிய மூன்றும் செவிலியர் கல்வியின் அடிப்படைகள். ஓய்வாக இருக்கும் பெரியவர் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். அது 25ஐத் தொட்டால், நோயாளர் வாய்திறந்து சொல்லாவிடினும், நல்ல செவிலியர் ஆபத்தை உணர்வார்.

1960இல் கொடைக்கானலில் ஐடா அம்மையார் மறைந்தார். திண்டிவனத்தில் அன்று உதவி பெறாமல் இறந்த மூவரின் நினைவே, பின்னாளில் பல்லாயிரம் உயிர்களைக் காக்கும் கல்வியாயிற்று.

சொற்பொருள்
பேண – பாதுகாக்க
பிள்ளைப்பேறு – மகப்பேறு
குருதி – இரத்தம்
விரையும் – வேகமாகும்

வினாக்கள்
1. ஐடாவின் வாழ்வை மாற்றிய நிகழ்ச்சி யாது?
2. மருத்துவமனை அமைத்த பின்னும் செவிலியர் பள்ளி ஏன் தேவைப்பட்டது?
3. உம் வீட்டார் ஒருவரின் மூச்சை ஒரு நிமிடம் எண்ணி எழுதுக.