அரண்மனையை விட்டு வெளியேறிய ஆலிம்: இந்தோனேசிய அதிபர் அப்துர் ரஹ்மான் வாஹித்

தேர்தல் நாளில் சிம்மக்கல் வாக்குச்சாவடியில் வரிசையில் நிற்கும் நாம் எம்.எல்.ஏ.வையும் எம்.பி.யையும் தேர்ந்தெடுக்கிறோம். குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது அவர்கள்தான். ஆட்சி அதிகாரம் பிரதமரிடம் இருப்பதால் இதில் நமக்குக் குறை தெரிவதில்லை. ஆனால் அதிகாரம் முழுவதும் அதிபரிடம் குவிந்திருந்த இந்தோனேசியாவில் கதை வேறு. அங்கே 1968 முதல் 1998 வரை மக்கள் ஆலோசனைப் பேரவை ஒவ்வொரு முறையும் ஒரே வேட்பாளரைத்தான் தேர்ந்தெடுத்தது. அவர் ஜெனரல் சுஹார்தோ.

அந்த ஆட்சியை எதிர்த்து நின்ற மார்க்க அறிஞர்களில் முக்கியமானவர் அப்துர் ரஹ்மான் வாஹித். மக்கள் அவரை அன்போடு 'குஸ் துர்' என்று அழைத்தார்கள்.

1940-ல் கிழக்கு ஜாவாவின் ஜொம்பாங்கில் பிறந்தார். பாட்டனார் ஹாஷிம் அஷ்அரி, 1926-ல் நஹ்தத்துல் உலமா அமைப்பு தொடங்கக் காரணமாக இருந்தவர். தந்தை வாஹித் ஹாஷிம் சமய விவகார அமைச்சராக இருந்தவர். 1953-ல் நடந்த கார் விபத்தில் தந்தை இறந்தபோது 12 வயது மகனும் அதே காரில் இருந்தார். மதரசாக்களில் ஓதிய பிறகு கெய்ரோ அல் அஸ்ஹரிலும் பக்தாதிலும் படித்தார்.

1984-ல் நஹ்தத்துல் உலமாவின் தலைவரானார். அமைப்பைக் கட்சி அரசியலிலிருந்து விலக்கி, கல்விக்கும் சமூகப் பணிக்கும் திருப்பினார். 1991-ல் பிற சமயத்தவரையும் சேர்த்துக்கொண்டு ஜனநாயக மன்றம் அமைத்தார். 1994 மாநாட்டில் அவரை வீழ்த்த ஆட்சியாளர்கள் முயன்றும் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

1998 தொடக்கத்தில் பக்கவாதம் தாக்கியது. ஏற்கனவே குன்றியிருந்த பார்வை ஏறக்குறைய முழுவதும் போனது. அதே ஆண்டு மே 21 அன்று, பொருளாதார நெருக்கடிக்கும் மாணவர் போராட்டத்துக்கும் நடுவே சுஹார்தோ பதவி விலகினார். 1999 அக்டோபர் 20 அன்று பேரவையில் மேகவதியின் 313 வாக்குகளுக்கு எதிராக 373 வாக்குகள் பெற்று வாஹித் அதிபரானார்.

பத்திரிகைகளை அடக்கி வைத்திருந்த தகவல் அமைச்சகத்தைக் கலைத்தார். சீன வம்சாவளியினர் தங்கள் சடங்குகளைப் பொதுவெளியில் நடத்த 1967-ல் விதிக்கப்பட்ட தடையை நீக்கினார். சிறுபான்மையினராக வாழும் நமக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

தவறுகளும் செய்தார். இஸ்ரேலுடன் வணிக உறவு என்ற அவரது யோசனை முஸ்லிம்களைக் கொதிக்க வைத்தது. அமைச்சர்களைத் திடீர் திடீரென நீக்கிக் கூட்டணியினரைப் பகைத்துக்கொண்டார். நிதி முறைகேட்டுப் புகார்களும் கிளம்பின. 2001 ஜூலை 23 அதிகாலையில் நாடாளுமன்றத்தை முடக்கி ஆணை பிறப்பித்தார். எந்த எதேச்சதிகாரத்தை எதிர்த்தாரோ அதன் ஆயுதத்தையே அவர் கையில் எடுத்த கட்டம் அது. ராணுவம் பணியவில்லை. அன்றே பேரவை அவரைப் பதவி நீக்கியது. மாலையில் அரைக்கால் சட்டையோடு அரண்மனை வாசலுக்கு வந்து ஆதரவாளர்களுக்குக் கையசைத்தார். சில நாட்களில் அங்கிருந்து வெளியேறினார்.

அதே ஆண்டு நவம்பரில் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. இனி அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பார்கள், பேரவை அல்ல. 2004-ல் நடந்த முதல் நேரடித் தேர்தலில் போட்டியிட வாஹித் முன்வந்தார். உடல்நிலையைக் காரணம் காட்டி அவருடைய மனு நிராகரிக்கப்பட்டது. செப்டம்பர் 20 அன்று நடந்த இரண்டாம் சுற்றில் சுமார் 60 சதவீத வாக்குகளோடு சுசிலோ பம்பாங் யுதோயோனோ வென்றார்.

2009 டிசம்பர் 30 அன்று வாஹித் வஃபாத்தானார். ஜொம்பாங்கில் பாட்டனாரின் மதரசா வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 2025 நவம்பரில் அரசு அவருக்கு தேசிய வீரர் பட்டம் அளித்தது. அதே நாளில், அதே பட்டியலில், சுஹார்தோவுக்கும் அளித்தது. எதிர்த்தவரையும் எதிர்க்கப்பட்டவரையும் ஒரே வரிசையில் வைத்தால், அடுத்த தலைமுறைக்கு யார் எதற்காகப் போராடினார் என்பது மறந்துபோகும். அதை எடுத்துச் சொல்வது நம்மைப் போன்றவர்களின் பொறுப்பு.

அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுத்து, நற்செயல்களை ஏற்றுக்கொள்வானாக.