திருட்டு அலாரம் வெளியே அலறுவது எப்படி? காப்புரிமை வாங்காத ஜோசப் ஹென்றியின் கதை

வீட்டுக்குள்ளே அலாரம் பேனல், வெளிச்சுவரில் சைரன், நடுவில் வயர். பழைய சைரனைக் கழட்டிட்டு புதுசு மாட்டும்போது எலக்ட்ரீஷியன் முதலில் பார்ப்பது, அந்த முனைவரை கரன்ட் ஒழுங்கா வருதா என்பதைத்தான். 1831-ல் இதே கேள்வியோடு மல்லுக்கட்டியவர் ஜோசப் ஹென்றி.

பிளஸ் டூ இயற்பியலில் ‘ஹென்றி’னு ஓர் அலகு படிச்சோமே, அவரேதான். 1797-ல் அமெரிக்காவின் ஆல்பனி நகரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயசிலேயே அப்பாவை இழந்து, வாட்ச் கடையில் வேலை பழகினார். பிறகு ஆல்பனி அகாடமியில் படித்து, அங்கேயே ஆசிரியரானார்.

வயர் நீள நீள கரன்ட் குறையும். மின்காந்தத்துக்கு வலு இருக்காது. ஹென்றி பல செல்களை வரிசையாக இணைத்தார். காந்தத்தில் மெல்லிய வயரை நிறைய சுற்று சுற்றினார். சுமார் ஒரு மைல், அதாவது 1.6 கி.மீ. வயரின் ஒரு முனையில் இணைப்பு கொடுத்ததும், மறுமுனையில் எஃகுக் காந்தம் ஒன்று அசைந்து மணியை அடித்தது!

இதற்கு அவர் காப்புரிமையே வாங்கவில்லை. அறிவியல் எல்லோருக்கும் பொது என்று நினைத்த மனுஷன். தந்தியில் பேரும் பணமும் சாமுவேல் மோர்ஸுக்குப் போனது. தந்தி வழக்கில் ஹென்றி சாட்சி சொன்னதற்காக, 1855-ல் அவரையே தாக்கி எழுதினார் மோர்ஸ். இதற்கிடையே 1853-ல், கதவைத் திறந்தால் மணியடிக்கும் மின் அலாரத்துக்கு அகஸ்டஸ் போப் காப்புரிமை பெற்றுவிட்டார்.

அப்போது ஹென்றி, ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் முதல் செயலாளர். 1875-ல், மின்சாரம் அவ்வளவாகத் தெரியாதே எனத் தயங்கி வந்த கிரகாம் பெல்லைக் கற்றுக்கொள்ளச் சொல்லி ஊக்கப்படுத்தியவரும் அவர்தான். மறு வருஷமே டெலிபோன் வந்தது. 1878-ல் ஹென்றி காலமானார். அலகுக்கு அவர் பெயர் கிடைத்தது 1893-ல்.