சௌந்தரம் அம்மா எப்போ தலையிடுவாங்க?

திண்டுக்கல்லில் மதுரை பஸ் ஏறினால், சின்னாளபட்டி பக்கத்தில் காந்திகிராமம்னு கண்டக்டர் குரல் கொடுப்பார். நீங்களும் கேட்டிருப்பீங்க. அந்த இடத்தை உருவாக்கியவர் டாக்டர் டி.எஸ்.சௌந்தரம். 1904-ல் பிறந்தவர், டிவிஎஸ் நிறுவனர் சுந்தரம் ஐயங்காரோட மகள்.

டீம் லீடர் ஆனவங்க இவரைப் பத்தித் தெரிஞ்சுக்கணும். அடுத்தவங்க வேலையில எப்போ, எவ்வளவு தலையிடுறது? எனக்கு இன்னும் பிடிபடல. ப்ராஜெக்ட்ல ஒருத்தனோட கோடு முழுக்க நானே எழுதிட்டேன், அவன் ஒண்ணும் கத்துக்கல. இன்னொருத்தனைக் கேட்காமலே விட்டேன், ரிவ்யூல மாட்டிக்கிட்டோம்.

சௌந்தரத்துக்குச் சின்ன வயசுலயே கல்யாணம். டாக்டரான கணவர் பிளேக் நோயில் இறந்துட்டார். விதவை மகளை மூலையில உட்கார வைக்காம, வீட்டுல மேலே படிக்க வெச்சாங்க. டெல்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் படிச்சு டாக்டர் ஆனார். ஆனா ஜி.ராமச்சந்திரனை மணக்க விரும்பினப்போ அதே வீடு சம்மதிக்கல. வேற சாதி. விஷயம் காந்திகிட்ட போச்சு. அவர் சரின்னும் சொல்லல, கூடாதுன்னும் சொல்லல. ஒரு வருஷம் பிரிஞ்சு இருங்க, அப்பவும் மனசு மாறலைன்னா பார்ப்போம்னுட்டார். மாறல. 1940-ல் கல்யாணம். முடிவை அவங்க கையிலேயே விட்ட தலையீடு அது. நான் எங்க டீம்ல ஒரு வாரம்கூட அப்படிப் பொறுத்ததில்ல.

1947-ல் கணவரோடு சேர்ந்து காந்திகிராமத்தைத் தொடங்கினார். சின்னாளபட்டியில் சின்னதா ஒரு மருத்துவமனை. பிரசவத்துல ரத்தம் கொட்டும்போது நர்ஸ்கிட்ட கருத்துக் கேட்டுட்டு நிக்க முடியுமா? அங்கே உத்தரவுதான். ஆனா அவரோட இன்னொரு வேலை, கிராம சேவிகைகளுக்குப் பயிற்சி. ஏதோ ஒரு ஊர்ல தனியா நிக்கிற அந்தப் பொண்ணு பின்னாடி டாக்டரம்மா வந்து நிக்க முடியாது. அவங்களேதான் யோசிச்சு முடிவெடுக்கணும்.

1959-ல் ஆத்தூர் பகுதியில் காந்திகிராமம் நடத்திய சுகாதாரத் திட்டத்தில் இன்னும் ஒரு படி பின்னாடி நின்னாங்க. குடும்பக் கட்டுப்பாடு பத்திப் பேச, ஊர்க்காரங்க மதிக்கிற ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து முன்னால விட்டாங்க. வெளியாள் போய்ப் பேசியிருந்தா திண்ணையோட சரி.

1962-ல் திண்டுக்கல் எம்.பி., கல்வித் துணை அமைச்சர், பத்மபூஷண். 1967 தேர்தலில் தோல்வி. திரும்பவும் காந்திகிராமம். 1984-ல் இறந்தார். அந்தச் சின்ன மருத்துவமனைதான் வளர்ந்து இன்னைக்குக் கஸ்தூர்பா மருத்துவமனை. எங்க தெருவுலயே ரெண்டு பேர் அங்கே பிறந்தவங்க.