கலைக்களஞ்சியம் கண்ட தி.சு. அவினாசிலிங்கம்

நுழையும்முன்

பின்னலாடைத் தொழிலால் உலகறிந்த நகரம் திருப்பூர். அந்நகரில் பிறந்த ஒருவர், உலகின் அறிவுத்துறைகள் அனைத்தையும் தமிழில் படித்தறிய வழி செய்தார். ஒரு மொழியில் ஒரு பொருளைப் பற்றித் தெளிவாகச் சொல்ல இயலாவிடில், அம்மொழியினர் அப்பொருளைப் பற்றித் தெளிவாகச் சிந்திப்பதும் அரிதாகும். இவ்வுண்மையை உணர்ந்து, அதற்கெனப் பள்ளியும் நூலகமும் பெருநூலும் உருவாக்கியவர் தி.சு. அவினாசிலிங்கம்.

இளமையும் நாட்டுப்பணியும்

தமிழில் ‘நூல்’ என்னும் ஒரே சொல் இழையையும் ஏட்டையும் குறிக்கும். இழையாகிய நூலுக்குப் பெயர்பெற்ற திருப்பூரில், 1903ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் அவினாசிலிங்கம் பிறந்தார். வசதிமிக்க குடும்பத்தில் பிறந்த அவர், சென்னையில் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். செல்வமும் தொழிலும் அமைந்திருந்தும் அவர் உள்ளம் அவற்றில் நிலைகொள்ளவில்லை. காந்தியடிகளின் வழியில் விடுதலைப் போராட்டத்தில் இறங்கி, 1930ஆம் ஆண்டு தொடங்கிப் பலமுறை சிறை சென்றார். திருமணம் செய்துகொள்ளாமல், தம் வாழ்வைப் பொதுப்பணிக்கே ஒப்படைத்தார்.

அந்த 1930ஆம் ஆண்டிலேயே இராமகிருஷ்ண வித்தியாலயத்தை மிகச் சிறிய அளவில் அவர் தொடங்கினார். சாதி வேற்றுமை பாராது மாணவர் அனைவரும் ஒன்றாக உறைந்து, உண்டு, உழைத்துக் கற்கும் இடமாக அது அமைந்தது. கோவையை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்தில் அதற்கு 1934ஆம் ஆண்டு காந்தியடிகள் அடிக்கல் நாட்டினார்.

கல்வி அமைச்சர்

1946 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராக அவினாசிலிங்கம் பணியாற்றினார். உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழிவழிக் கல்வி வேரூன்றிவந்த காலம் அது. ஆயினும் பெரியதோர் இடர்ப்பாடு எதிரே நின்றது. இயற்பியல், பொருளியல், மருத்துவம் முதலிய துறைகளின் அறிவு பெரும்பாலும் ஆங்கில நூல்களுக்குள்ளேயே அடைபட்டிருந்தது. ஆங்கிலம் அறிந்த சிலருக்கு அது திறந்த கதவு. அறியாத பலருக்கோ தாழிட்ட கதவு. பாடத்தைத் தமிழில் நடத்தலாம். ஆனால், பாடநூலுக்கு அப்பால் ஒன்றை அறிய விரும்பும் மாணவர் எங்கே செல்வார்?

இவ்வினாவுக்கு அவர் கண்ட விடைகள் இரண்டு. ஒன்று நூலகம், மற்றொன்று கலைக்களஞ்சியம்.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் சீ.இரா. அரங்கநாதன், பொது நூலகங்களுக்குச் சட்டம் தேவை என நெடுங்காலம் வலியுறுத்தி வந்தார். அவினாசிலிங்கம் அமைச்சராக இருந்தபோது, 1948ஆம் ஆண்டில் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. வீட்டுவரியோடு சிறுதொகையை நூலக வரியாகப் பெற்று, அதனைக் கொண்டு நூலகங்களை நடத்த அச்சட்டம் வழிவகுத்தது. படிக்கும் வாய்ப்பு, செல்வர் தரும் கொடை என்னும் நிலையிலிருந்து மக்களின் உரிமை என்னும் நிலைக்கு உயர்ந்தது.

கலைக்களஞ்சியம்

1946ஆம் ஆண்டில் அவினாசிலிங்கத்தின் முயற்சியால் தமிழ் வளர்ச்சிக் கழகம் தோன்றியது. தமிழில் கலைக்களஞ்சியம் ஒன்றை உருவாக்குவதை அது தன் தலையாய பணியாக ஏற்றது. இதற்கு முன்னரே, 1910ஆம் ஆண்டில் ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ வெளிவந்திருந்தது. புராண, இலக்கியச் செய்திகளே அதில் மிகுதி. அறிவியல் உள்ளிட்ட எல்லாத் துறைகளையும் தழுவிய கலைக்களஞ்சியம் தமிழுக்குப் புதிது. பிரான்சில் திதரோ தொகுத்த கலைக்களஞ்சியம் 1751ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கி, அந்நாட்டு மக்களின் சிந்தனைப்போக்கை மாற்றியதை இங்கு நினைவுகூரலாம்.

தலைமைப் பதிப்பாசிரியராக ம.ப. பெரியசாமித் தூரன் பொறுப்பேற்றார். கொங்குநாட்டுக் கவிஞரும் இசைப்பாடல் வல்லவருமான தூரன், இராமகிருஷ்ண வித்தியாலயத்தில் ஆசிரியராகப் பணியாற்றியவர். நன்கொடைகளாலும் அரசுகளின் உதவியாலும் பணி நடந்தது.

ஒரு கட்டுரை உருவாவது எளிதன்று. துறைவல்லுநர் பலர் தம் பாடத்தை ஆங்கிலத்தில் கற்று, ஆங்கிலத்திலேயே கற்பித்து வந்தவர்கள். அவர்களுள் சிலர் ஆங்கிலத்தில் எழுதித் தர, பதிப்புக் குழுவினர் அதனைத் தமிழாக்கினர். அப்போது கலைச்சொல் சிக்கல் எழும். தனித்தமிழ்ச் சொல்லை ஆக்குவதா, வழக்கிலுள்ள வடசொல்லை ஏற்பதா, பன்னாட்டுச் சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதுவதா என்னும் விவாதம் அந்நாளில் கடுமையாக நடந்தது. இது வெறும் சொற்பூசலன்று. பொருளைப் பிழையின்றி உணர்த்துவதும் படிப்போர்க்கு எளிதில் விளங்குவதுமான சொல்லைத் தேடும் முயற்சி. அகராதி ஒரு சொல்லின் பொருளைத் தரும். கலைக்களஞ்சியமோ அப்பொருள் யாது, எவ்வாறு இயங்குகிறது, எதனோடு தொடர்புடையது என விளக்கவேண்டும். தமக்கே தெளிவாக விளங்காத ஒன்றை எளிய தமிழில் எழுத எவராலும் இயலாது. எனவே, தமிழில் எழுதும் முயற்சியே அறிவைச் சோதிக்கும் உரைகல்லாக அமைந்தது.

முதல் தொகுதி 1954ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒன்பதாம் தொகுதி 1963ஆம் ஆண்டில் முடிவுற்றது. அதற்குள் உலகம் பெரிதும் மாறியிருந்தது. முதல் தொகுதி வெளிவந்தபோது வானில் செயற்கைக்கோள் ஒன்றுகூட இல்லை. ஒன்பதாம் தொகுதி வருமுன்பே மனிதன் விண்வெளிக்குச் சென்று திரும்பிவிட்டான். விடுபட்டவற்றையும் புதியனவற்றையும் சேர்க்கும் இணைப்பாகப் பத்தாம் தொகுதி 1968ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. எழுதியதே முடிவு என்று எண்ணாமல், அறிந்ததைத் திருத்திக்கொள்ள முன்வருவதும் அறிவுடைமையின் கூறு என்பதை அத்தொகுதி காட்டுகிறது. இதனைத் தொடர்ந்து சிறுவர்க்கென ‘குழந்தைகள் கலைக்களஞ்சியம்’ பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது.

தொடர்ந்த தொண்டு

1952ஆம் ஆண்டில் திருப்பூர்த் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவினாசிலிங்கம், பின்னர் மாநிலங்களவை உறுப்பினராகவும் விளங்கினார். 1957ஆம் ஆண்டில் கோவையில் பெண்களுக்கென மனையியல் கல்லூரி ஒன்றை நிறுவினார். அது பின்னாளில் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. 1970ஆம் ஆண்டில் பத்மபூசண் விருது பெற்ற அவர், 1991ஆம் ஆண்டில் இயற்கை எய்தினார்.

இன்று நம் கைப்பேசியில் செய்திகள் நொடிதோறும் வந்து குவிகின்றன. செய்திப் பெருக்கம் வேறு, தெளிவு வேறு. ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரை, பொருளை முதலில் வரையறுக்கும்; பின் வகைப்படுத்தும்; காரணங்களைக் கூறும்; தொடர்புடைய பிறவற்றைச் சுட்டும். நாம் கேட்பதையும் படிப்பதையும் அம்முறையில் ஆராய்ந்து, பிறர்க்கு விளங்குமாறு தமிழில் எடுத்துரைக்கப் பழகினால் நம் எண்ணமும் எழுத்தும் செம்மையுறும். கலைக்களஞ்சியத் தொகுதிகள் இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. தாழிட்ட கதவைத் திறக்க அவர்கள் இருபது ஆண்டுகள் உழைத்தனர். திறந்த கதவினுள் நுழைவது நம் கடமை.