நிறம் ஆராய்ந்தவரின் நிறம்

தேனீ பறந்து வருகிறது, பூவை நாடி. எதைக் கண்டு வருகிறது? மணம் அழைக்கிறதா, நிறம் அழைக்கிறதா? நிறம் காணும் கண் அந்தச் சிற்றுயிருக்கு உண்டா?

1910-ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சிக்காக, அமெரிக்க நாட்டுச் செயின்ட் லூயிஸ் நகரின் ஓஃபாலன் பூங்காவிலே, வண்ணத் தட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு இதைக் கேட்டார் ஒருவர். தேனீயின் கண்ணுக்கு நிறம் தெரியுமா என்று அவர் ஆராய்ந்தார். அவரைப் பார்த்த நாடோ, அவருடைய நிறத்தை மட்டுமே பார்த்தது!

சார்லஸ் ஹென்றி டர்னர் அவர் பெயர். கறுப்பர். பிறந்தது 1867-ல், சின்சினாட்டி நகரில். அடிமை முறையைச் சட்டம் ஒழித்து அப்போது ஈராண்டுகூட ஆகவில்லை. தாய், அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர். தாதித் தொழில் புரிந்தவர். தந்தை, மாதாகோயிலைக் காத்துத் துப்புரவு செய்து வந்தவர். அந்த வீட்டுப் பிள்ளை சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் 1891-ல் இளநிலைப் பட்டமும், மறு ஆண்டே முதுநிலைப் பட்டமும் பெற்றார். அட்லாண்டாவிலே கறுப்பர் கல்லூரி ஒன்றில் பல ஆண்டு பணியாற்றினார். நாற்பது வயதில், 1907-ல், சிகாகோ பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது. சிறப்புத் தகுதியோடு வழங்கியது.

எறும்பு வீடு திரும்புவது எப்படி? அந்தப் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் இது. பூச்சிகள் வெறும் பொறிகள், முடுக்கினால் ஓடும் என்றனர் அந்நாளைய அறிஞர் பலர். டர்னர் விளக்கை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு மாற்றினார். எறும்பின் வழி தடுமாறியது. வெளிச்சத்தையும் வழியையும் கண்டு, கற்று, நினைவில் வைத்து நடக்கிறது எறும்பு என்று காட்டினார்.

பட்டம் கிடைத்தது. பல்கலைக்கழகப் பதவி? அது கிடைக்கவில்லை! 1908-ல் செயின்ட் லூயிசில் கறுப்பர் பிள்ளைகளுக்கான சம்னர் உயர்நிலைப் பள்ளியிலே ஆசிரியராய் அமர்ந்தார். 1922 வரை அங்கேதான். பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் இல்லை. ஆராய்ச்சி மாணவர் இல்லை. பகலெல்லாம் பாடம், மற்ற நேரத்தில் பூச்சி!

பூங்காவிலே சிவப்புத் தட்டில் தேன் வைத்தார். வந்து பழகின தேனீக்கள். பிறகு தட்டின் இடத்தை மாற்றினார், வேறு நிறத் தட்டுகளை நடுவே வைத்தார். சிவப்பைத் தேடியே வந்தன அவை. அடுத்த ஆண்டு கோலங்களை வைத்துப் பார்த்தார்; கோலத்தையும் பிரித்தறிந்தன. மின்சாரம் பாய்ச்சிய இருட்டறைக்குள் கரப்பானை விட்டார். இருளை விரும்பும் கரப்பான் இருளை விலக்கக் கற்றது. பட்டுப்பூச்சி இனத்து அந்துப்பூச்சிகளுக்குச் செவிப்புலன் உண்டா என்றும் சோதித்தார். ஒலி கேட்டும் அசையாதிருந்தது ஒரு வகை. ஒலியெழுப்பியபடியே அதை முரட்டுத்தனமாகக் கையாண்டார். அதன்பின் ஒலி கேட்டாலே சிறகு துடித்தது!

சிவப்பு, தேனீயின் கண்ணுக்குக் கருமையாகவே படும் என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆகவே டர்னரின் தேனீக்கள் சிவப்பை நிறமாக அறிந்தனவா, கருமையால் அறிந்தனவா என்ற ஐயம் எழுந்தது. இதை மறைத்துப் புகழ் பாடத் தேவையில்லை. சாம்பல் நிறத் தட்டுகளைச் சுற்றிலும் அடுக்கி, நீலத்தைத் தேனீ நிறமாகவே காண்கிறது என்று 1914-ல் காட்டியவர் கார்ல் ஃபான் ஃபிரிஷ். அவருக்கு மியூனிக் பல்கலைக்கழகம் இருந்தது. 1973-ல் நோபல் பரிசும் வந்தது. டர்னருக்கு இருந்தது பள்ளிக்கூடத்து மணியோசை.

1902-லேயே அவர் இனவெறியையும் ஆராய்ச்சிக் கண்ணோடு பார்த்து எழுதினார். பழகாத உருவைக் கண்டு கூசுவது ஒரு வகை. பிறரைப் பார்த்துக் கற்றுக்கொண்ட வெறுப்பு மற்றொரு வகை என்று பிரித்தார். கல்வியே மருந்து என்றார். கரப்பான் கற்கும் என்று பின்னாளில் மெய்ப்பித்தவர், மனிதனும் திருந்தக் கற்பான் என்று நம்பியதில் வியப்பென்ன?

ஏறத்தாழ எழுபது ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதினார். 1923-ல், 56-ஆம் வயதில் மறைந்தார். கூடு திரும்பும் எறும்பு வட்டமிடுவதைக் கண்ட பிரெஞ்சு அறிஞர் கோர்னே, அந்த வட்டத்துக்கு அவர் பெயரையே சூட்டியிருந்தார். செயின்ட் லூயிசிலோ, உடல் ஊனமுற்ற கறுப்பர் குழந்தைகளுக்கென எழுந்த பள்ளி ஒன்று டர்னர் பெயரைத் தாங்கி நின்றது.