அகராதி செய்த உபாத்தியாயர்

அமெரிக்க நாடு ஆங்கிலேயரின் ஆட்சியினின்றும் போர் செய்து விடுபட்டது. அவர்களுடைய எழுத்துக்கூட்டலினின்றும் அந்நாட்டை விடுவித்தவர் ஒரு கிராமப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர். நோவா வெப்ஸ்டர் என்பது அவர் பெயர்.

1758ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 16ஆம் நாள், கனெற்றிக்கட் நாட்டு ஹாட்ஃபோட் நகரின் மேற்குப் பகுதியில், ஒரு கமக்காரர் குடும்பத்தில் வெப்ஸ்டர் பிறந்தார். மகனை யேல் கல்லூரிக்கு அனுப்பும் பொருட்டுத் தந்தையார் தம் கமத்தை ஈடுவைத்தார். விடுதலைப்போர் நடந்துகொண்டிருந்த 1778இல் மகன் பட்டம் பெற்று வீடு திரும்பினார். தந்தையார் எட்டு டாலர்த் தாள் ஒன்றைக் கையிற் கொடுத்து, இனித் தம் பிழைப்பைத் தாமே தேடிக்கொள்ளுமாறு கூறிவிட்டார். போர்க்காலத்து நாணயத்தாள் ஆதலின், வெள்ளியாக மாற்றினால் அது பாதி விலைதானும் பெறுவது அரிது.

சட்டம் பயில விரும்பியவர் கைப்பொருளின்மையால் உபாத்தியாயரானார். அக்காலத்து அமெரிக்கப் பிள்ளைகள் இங்கிலாந்திலே செய்த பாடப்புத்தகத்தைப் படித்து, தாம் என்றுங் காணாத ஆங்கில ஊர்களின் பெயர்களை எழுத்துக்கூட்டிப் பழகினர். தம் ஊர்ப் பெயரை எழுத அறியாதவன் பிறர் ஊர்ப் பெயரை எழுதக் கற்பது என்ன கல்வி என்று வெப்ஸ்டர் நினைத்தார். 1783இல் அவர் வெளியிட்ட எழுத்துக்கூட்டற் புத்தகம் நீல அட்டையோடு வீடுதோறும் புகுந்தது. நூறாண்டுக்குள் அது பல கோடிப் பிரதிகள் விற்றது.

அப்புத்தகத்தின் விலை பதினான்கு பென்ஸ். அமெரிக்கர் விடுதலை பெற்றும் கணக்கைப் பவுண், சிலிங், பென்ஸ் என்றே எழுதினர். கையில் வழங்கியதோ பெரும்பாலும் ஸ்பானிய வெள்ளி டாலர். அந்த டாலர் எட்டுக் கூறாகக் கணக்கிடப்பட்டது. கூறொன்றின் பெயர் பிற். கால் டாலரை இரண்டு பிற் என்று சொல்லும் வழக்கு அமெரிக்கர் வாயில் இன்னும் மறையவில்லை. 1785இல் டாலரே நாட்டின் நாணயமென முடிவு செய்யப்பட்டது. 1792இல் நாணயச்சாலைச் சட்டம் பிறந்தது. டைம் என்னும் பத்துச்சதக் காசின் பெயர்க்குப் பத்திலொன்று என்பது பொருள். சென்ற் நூறிலொன்று. இலங்கையில் 1872 முதல் ரூபாயை நூறாகப் பகுத்துச் சதம் என்கின்றோம். வடமொழிச் சதமும் இலத்தீன் வழிவந்த சென்ற்றும் நூறு என்னும் பொருளுடைய ஒரே வேரிற் கிளைத்தவை. இதனை வகுப்பிற் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகளின் முகம் மலர்வதைக் கண்டு வருகின்றேன்.

வெப்ஸ்டரின் முதல் அகராதி 1806இல் வந்தது. ஏறக்குறைய 37,000 சொற்கள். பின்னே பல நாட்டு நாணயங்களுக்கும் நிறை அளவைகளுக்கும் அட்டவணைகள். சந்தைக்குப் போகின்றவனுக்கும் அகராதி வேண்டும் என்பது அவர் கருத்து. துர்நாற்றம் வீசும் ஸ்கங்க் என்னும் விலங்கு, மீன் முதலியன இட்டுக் காய்ச்சும் சௌடர் என்னும் கூழ், ஹிக்கரி மரம் ஆகிய அமெரிக்க வழக்குகளுக்கு அவர் தம் அகராதிகளில் இடங் கொடுத்தார். இழிவழக்கைப் புத்தகத்தில் ஏற்றினார் என்று கற்றோர் பலர் எள்ளினர்.

இங்கே நான் சற்று நிற்கவேண்டியிருக்கிறது. திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ வாழும் பிள்ளைகள் கரைவலை, வாடி, சம்மாட்டி என்னும் சொற்களோடு வளர்கின்றனர். கட்டுரை எழுதும்போது மட்டும் அவற்றை எழுத அஞ்சுகின்றனர். போர்த்துக்கேயர் தந்த கதிரையில் இருந்துகொண்டே அச்சொல்லைத் தாளில் எழுதலாமோ என்று வினவுகின்றனர். வெப்ஸ்டர் பிறந்த அதே நியூ இங்கிலாந்திலிருந்து 1819இல் புறப்பட்டு யாழ்ப்பாணம் வந்த மிரன் வின்சிலோ, 1862இல் சென்னையில் வெளியிட்ட தமிழ்-ஆங்கில அகராதியில் செந்தமிழோடு கொடுந்தமிழையும் சேர்த்தே தொகுத்தார். அந்நியர் கூசாது எடுத்த சொல்லுக்கு நாம் ஏன் கூசவேண்டும்?

எழுத்துக்கூட்டலுக்கு வருவோம். நிறத்தைக் குறிக்கும் கலர் என்னும் சொல்லின் ஈற்றயலில் நின்ற யு எழுத்தை வெப்ஸ்டர் நீக்கினார். மியூசிக் என்பதன் கடையில் வீணே நின்ற கே எழுத்தையும் நீக்கினார். சென்ரர் என்பதன் ஈற்றெழுத்துகள் இரண்டையும் முன்பின்னாக மாற்றினார். இவை நிலைத்தன. நாவைக் குறிக்கும் டங், பெண்டிரைக் குறிக்கும் விமின் ஆகியவற்றை ஒலித்தவாறே எழுதவேண்டும் என்றார். அதை எவரும் ஏற்கவில்லை. புலவன் விதிக்கலாம், வழங்குவது உலகம். 1944இல் சரட்டோகா என்னும் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் இத்துறைமுகத்தைத் தளமாகக் கொண்டு போருக்குச் சென்றது. அன்று கப்பலோடு வந்த அமெரிக்க ஆங்கிலம் இன்று கைத்தொலைபேசி வழியாக வருகின்றது. கலரை யு இன்றி எழுதும் மாணவனுக்குப் புள்ளி குறைக்கும் ஆசிரியர் உளர். அது பிழையன்று, வேறொரு நாட்டின் விதி என்பதை முதலிற் சொல்லி, ஒரு கட்டுரையில் ஒரு விதியையே கைக்கொள்ளுமாறு கற்பித்தல் தகும்.

பேரகராதிக்காக வெப்ஸ்டர் இருபதாண்டுக்கு மேல் உழைத்தார். இருபதுக்கு மேற்பட்ட மொழிகளைப் பயின்றார். 1825 ஜனவரியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இறுதிச் சொல்லை எழுதியபோது கை நடுங்கிற்று. எழுந்து அறையில் உலாவி மனத்தைத் தேற்றிக்கொண்டார். 1828இல், அவர் எழுபதாம் அகவையை அடையும் ஆண்டில், இரண்டு பாகமாக அது வெளிவந்தது. சொற்கள் 70,000, முன்னை அகராதிகளிற் காணப்படாதவை 12,000. சொல்விளக்கம் தெளிவானது. சொற்பிறப்பு அத்தகையதன்று. எல்லா மொழியும் கல்தேய மொழியிற் பிறந்தவை என்று நம்பியதால், 1786இலேயே வில்லியம் ஜோன்ஸ் எடுத்துக்காட்டிய வடமொழி உறவை அவர் பொருட்படுத்தவில்லை. ஒலியொற்றுமை ஒன்றையே கொண்டு வேர் காணும் நோய் நம்மவர்க்கும் இல்லாததன்று.

விலை இருபது டாலர். 2,500 பிரதிகளே அச்சாயின. அவையும் மெல்லவே விற்றன. இரண்டாம் பதிப்புக்காக, தந்தை கமத்தை ஈடுவைத்ததுபோல, மகன் வீட்டை ஈடுவைத்தார். அப்பதிப்பு 1841இல் வெளிவந்தது. 1843 மே 28இல் நியூ ஹேவன் நகரில் வெப்ஸ்டர் காலமானார். விற்காது கிடந்த பிரதிகளையும் பதிப்புரிமையையும் மெரியம் சகோதரர் இருவர் வாங்கினர். அவர்கள் பெயரும் அவர் பெயரும் இணைந்த அகராதி இன்றும் வெளிவருகின்றது.