எண்களால் உண்மை உரைத்த ஐடா வெல்ஸ் அம்மையார்

அச்சில் ஏறிய சொல்லை உலகம் எளிதில் நம்பிவிடுகிறது. அச்சொல் பொய்யாயின், அதனால் மடியும் உயிர்களுக்கு யார் பொறுப்பு? இக்கேள்வியை நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க நாட்டில் எழுப்பி, அதன் பொருட்டே வாழ்நாளைச் செலவிட்ட கறுப்பினப் பெண்மணி ஒருவரின் வரலாற்றை நம் சங்க ஆண்டு மலரில் எழுத விழைந்தேன். அவரே ஐடா வெல்ஸ் அம்மையார்.

1862-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள், மிசிசிப்பி மாநிலத்து ஹாலி ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில், அடிமைகளாயிருந்த பெற்றோருக்கு அவர் பிறந்தார். தந்தை தச்சர், தாய் சமையல் வேலை செய்தவர். 1865-இல் அடிமை முறை ஒழிந்ததும் பெற்றோர் மகளைப் பள்ளிக்கு அனுப்பினர். ஆனால் 1878-இல் பரவிய மஞ்சள் காய்ச்சல் தாய், தந்தை, கைக்குழந்தையான தம்பி ஆகிய மூவரையும் கொண்டுபோயிற்று. எஞ்சிய குழந்தைகளை ஆளுக்கொரு வீட்டில் விட்டு வளர்க்கலாம் என்றனர் ஊர்ப் பெரியவர்கள். பதினாறு வயது ஐடா அதற்கு இசையவில்லை. ஆசிரியை வேலை தேடிக்கொண்டு, உடன்பிறந்தோரைத் தாமே காப்பாற்றினார்.

பின்னர் மெம்பிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கிருந்த காலத்தில் ஒருநாள் முதல் வகுப்பு டிக்கெட்டுடன் ரயிலில் மகளிர் பெட்டியில் அமர்ந்திருந்தார். வண்டியின் கார்டு வந்து, புகை பிடிப்போர் செல்லும் பெட்டிக்குப் போகுமாறு பணித்தார். அம்மையார் மறுத்தார். கையைப் பற்றி இழுத்த கார்டின் கையைக் கடித்தே விட்டார். ஆட்கள் சேர்ந்து அவரை இருக்கையிலிருந்து இழுத்தனர். அந்தப் பெட்டிக்குச் செல்வதைவிட இறங்கிவிடுவதே மேல் என்று வண்டியைவிட்டு இறங்கினார். ரயில்வேயில் பணிபுரியும் எனக்கு இச்செய்தியைப் படிக்கையில் தலை குனிந்தது. முறையாகப் பணம் கொடுத்து வாங்கிய டிக்கெட்டுக்கு மதிப்பில்லையென்றால் வேறெதற்கு மதிப்பு உண்டு? ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின், 1893-இல், தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் காந்தியடிகளுக்கும் இதே அவமதிப்பு நேர்ந்ததை அன்பர்கள் அறிவர்.

அம்மையார் வழக்குத் தொடுத்தார். 1884 டிசம்பரில் அவருக்கு 500 டாலர் நஷ்டஈடு வழங்கத் தீர்ப்பாயிற்று. அச்செய்தியையும் உள்ளூர் வெள்ளையர் பத்திரிகை, அவர் நிறத்தைக் கேலி செய்யும் தலைப்புடனேயே வெளியிட்டது. 1887-இல் டென்னசி மாநில உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிவிட்டது. ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை; பேனாவை எடுத்தார். 1889-இல் மெம்பிஸின் கறுப்பர் பத்திரிகையொன்றில் பங்குதாரரும் ஆசிரியருமானார். கறுப்பினக் குழந்தைகளின் பள்ளிகள் இருந்த சீர்கேட்டை எழுதியதால், 1891-இல் ஆசிரியை வேலையை இழந்தார்.

1892 மார்ச் 9-ஆம் நாள் நிகழ்ந்தது பெருங்கொடுமை. அவருடைய நண்பர் தாமஸ் மாஸ் என்பவரும் வேறிருவரும் மளிகைக் கடை நடத்தி முன்னேறி வந்தனர். அருகிலிருந்த வெள்ளைக் கடைக்காரருக்கு அது பொறுக்கவில்லை. பூசல் மூண்டு மூவரும் சிறையிலடைக்கப்பட்டனர். நள்ளிரவில் ஒரு கும்பல் அவர்களைச் சிறையிலிருந்து இழுத்துச் சென்று சுட்டுக் கொன்றது. விசாரணை இல்லை, தண்டனை பெற்றவரும் எவருமில்லை. மறுநாள் ஏடுகளோ, உழைத்துப் பிழைத்த அம்மூவரின் கடையைச் சூதாடிகளும் திருடர்களும் கூடுமிடமென்று வருணித்தன.

இங்கேதான் அம்மையாரின் வாழ்க்கை திரும்பியது. கும்பலால் கொல்லப்படும் கறுப்பர் வெள்ளைப் பெண்களைக் கெடுத்தவர்கள் என்றே ஏடுகள் இடைவிடாது எழுதிவந்தன. நல்லோர் பலரும் அதனை நம்பினர். மாஸ் அத்தகைய குற்றம் எதுவும் செய்தவரல்லர் என்பதை அம்மையார் நேரில் அறிவார். அப்படியானால் மற்றவர்கள்? கணக்கெடுக்கப் புகுந்தார். எதிரிகள் மறுத்துரைக்க இயலாதபடி, வெள்ளையர் நடத்திய சிகாகோ டிரிப்யூன் பத்திரிகை வெளியிட்ட பட்டியலையே ஆதாரமாகக் கொண்டார். எட்டாண்டுகளில் கொல்லப்பட்ட கறுப்பர் 728 பேர். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் மீதுதான் அந்தக் குற்றச்சாட்டே இருந்தது. அதுவும் வெறும் சாட்டு, நிரூபணமன்று. பேரேடுகளோடு காலங்கழிக்கும் என் போன்ற குமாஸ்தாக்களுக்கு இம்முறையின் வலிமை நன்கு புரியும்.

1892 மே மாதம் இவ்வுண்மையை எழுதியபோது, அவர் ஊரில் இல்லாத வேளையில், கும்பலொன்று பத்திரிகை அலுவலகத்தை அழித்தது. திரும்பினால் உயிர் போகும் என எச்சரிக்கை வந்தது. அவர் நியூயார்க்கிலேயே தங்கி எழுதினார். 1893, 1894 ஆண்டுகளில் இங்கிலாந்து சென்று ஊர்தோறும் பேசினார். 1894-இல் நியூயார்க் டைம்ஸ் நாளேடு அவரை இழிமொழிகளால் வசைபாடியது. அவர் அதற்கும் எண்களாலேயே விடையிறுத்தார். 1895-இல் கொலைகளின் விரிவான பட்டியலை நூலாக்கினார்.

அவ்வாண்டே சிகாகோ வழக்கறிஞர் ஃபெர்டினாண்ட் பார்னெட்டை மணந்தார். மக்கள் நால்வரைப் பெற்று வளர்த்தும், பொதுப்பணியைக் கைவிடவில்லை. 1913-இல் வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில், கறுப்பினப் பெண்கள் பின்வரிசையில் வரவேண்டும் என்றனர் அதனை நடத்தியோர். அம்மையாரோ இல்லினாய்ஸ் மாநில மகளிரின் நடுவே புகுந்து நடந்தார்.

1931 மார்ச் 25-ஆம் நாள் அவர் மறைந்தார். கும்பல் கொலையைத் தடுக்கும் மத்தியச் சட்டத்தை அவர் கண்டிலர். அது 2022-இல்தான் இயற்றப்பட்டது. அன்று வசைபாடிய நியூயார்க் டைம்ஸ், 2018-இல் தான் எழுதத் தவறிய இரங்கலுரையை வெளியிட்டது. 2020-இல் புலிட்சர் சிறப்பு விருது அவர் நினைவுக்கு வழங்கப்பெற்றது.

பிறந்த மண்ணைவிட்டு வந்து பல மொழியினரிடையே வாழும் நாம், ஓரினத்தாரை ஒரே சொல்லால் எடைபோடுவது எவ்வளவு எளிது என்பதை அறிவோம். காலனித் திண்ணைப் பேச்சில் அக்குற்றத்தை நாமும் செய்வதுண்டு. அத்தகைய பேச்சு நம் காதில் விழும்போது, கணக்கு எங்கே, சான்று எங்கே என்று கேட்க நம் குழந்தைகளுக்குக் கற்பிப்போமாக. ஐடா வெல்ஸ் அம்மையாருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதுவே.